யார் கப்பல் இது?

பெரிய வணிகக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏ.ஐ.எஸ். என்றொரு கருவி இருக்கும். கப்பலின் பெயர், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் ஊருக்கே அறிவித்தபடி இருப்பது அதன் வேலை. நடுக்கடலில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதில் 'சேருமிடம்' என்று ஒரு கட்டம் உண்டு, இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது. கொழும்பு, சிங்கப்பூர், ரோட்டர்டாம் என்று கப்பல் அதிகாரி ஒருவர் அதில் தட்டிவைப்பார். 2023 டிசம்பருக்குப் பிறகு, செங்கடலின் தென்வாசலை நெருங்கிய கப்பல்கள் பல அந்தக் கட்டத்திலிருந்து ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு வேறு எதையோ எழுத ஆரம்பித்தன. 'இஸ்ரேல் தொடர்பு இல்லை.' 'மாலுமிகள் அனைவரும் சீனர்.' 'ஆயுதக் காவலர் உண்டு.'

செங்கடல் நெருக்கடியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏவுகணை, ட்ரோன், விமானந்தாங்கி என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கென்னவோ உலக அரசியலில் நடந்துகொண்டிருக்கும் மாற்றம் இந்த இருபது எழுத்துக் கட்டத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்த கடல், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தொடங்கிவிட்டது.

அந்தத் தென்வாசலுக்குப் பெயர் பாப் அல்-மண்டேப். அரபியில் 'கண்ணீரின் வாசல்' என்று பொருள் சொல்வார்கள். ஒரு கரையில் ஏமன், மறு கரையில் ஜிபூட்டியும் எரித்ரியாவும். இடையில் சுமார் 30 கிலோமீட்டர். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுருக்கு வழியாகப் போக வேண்டுமென்றால் இதற்குள் நுழைந்து, செங்கடல் முழுவதையும் கடந்து, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலில் வெளியேற வேண்டும். உலகக் கன்டெய்னர் போக்குவரத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் இந்தப் பாதையில்தான் போய்வந்துகொண்டிருந்தது. இந்த வழி மூடினால் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். கூடுதலாக 3,500 கடல் மைல், பத்து முதல் பதினான்கு நாள்.

2023 நவம்பர் 19 அன்று கேலக்ஸி லீடர் என்ற கப்பலை, காஸா மீதான இஸ்ரேலின் போரை எதிர்த்த ஏமனின் ஆயுத இயக்கமான ஹூதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பிடித்தார்கள். துப்பாக்கியோடு ஆட்கள் மேல்தளத்தில் ஓடும் வீடியோவைப் பலர் பார்த்திருக்கலாம். அது இஸ்ரேலியக் கப்பல் என்று ஹூதிகள் அறிவித்தார்கள். இஸ்ரேலோ எங்கள் கப்பல் இல்லை என்றது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கப்பலில் பறந்தது பஹாமாஸ் கொடி. உரிமை பிரிட்டனோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தின் பெயரில். அந்த நிறுவனத்தின் பின்னால் ஓர் இஸ்ரேலியத் தொழிலதிபர். ஓட்டியது ஜப்பானின் என்.ஒய்.கே. நிறுவனம். மாலுமிகள் பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்சிகோ நாட்டவர், மொத்தம் 25 பேர். துருக்கியிலிருந்து கிளம்பி, கார் ஏற்றுவதற்காகக் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்குக் காலியாக வந்துகொண்டிருந்த கப்பல் அது. ஏமனுக்கும் காஸாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத அந்த 25 பேரும் 2025 ஜனவரி வரை பதினான்கு மாதம் கைதிகளாக இருந்தார்கள்.

இது ஏதோ விதிவிலக்கான கப்பல் இல்லை. இன்றைய கப்பல்கள் எல்லாமே இப்படித்தான். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று சிறிய நாடுகளின் கொடியில் மட்டும் உலகக் கப்பல்களின் கொள்ளளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது ஓடுகிறது. வரி குறைவு, விதி தளர்வு என்பதற்காக வாங்கிய கொடி. மார்ஷல் தீவுகளின் கொடியோடு போகும் கப்பலைக் காப்பாற்ற மார்ஷல் தீவுகளிடம் கடற்படையே கிடையாது. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டுகள் யாரும் கவலைப்படவில்லை. ஏன்? யார் கொடியாக இருந்தாலும் கடல் பொதுவழி என்ற ஒரு நம்பிக்கை. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம், சர்வதேச நீரிணைகளில் எல்லாக் கப்பல்களுக்கும் தடையின்றிக் கடந்துபோகும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் பலமாக நின்றது அமெரிக்கக் கடற்படை. (அந்த ஒப்பந்தத்தை அமெரிக்கா இன்றுவரை அங்கீகரித்துக் கையெழுத்திட்டு ஏற்கவில்லை என்பது தனி வேடிக்கை. போலீஸ்காரரே சட்டப் புத்தகத்தை வாங்காமல் ரோந்து போன கதை.)

அமெரிக்கா இதைத் தருமத்துக்குச் செய்யவில்லை. எண்ணெய், டாலர், கூட்டாளி நாடுகளின் விசுவாசம் எல்லாம் அதற்குள் இருந்தன. இருந்தாலும் அந்தக் காவலின் பயன், பணம் கட்டாதவர்களுக்கும் கிடைத்தது. அதில் மிக அதிகமாகப் பயனடைந்தது சீனா. உலகின் தொழிற்சாலையாக அது வளர்ந்த காலம் முழுவதும் அதன் சரக்கு அமெரிக்கக் காவலில்தான் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் ஒரு வல்லரசாக இருந்திருந்தால் புரிந்துகொள்வது எளிது. உடைத்தது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றின் மலைப்பகுதியிலிருந்து வந்த ஓர் இயக்கம். ஹூதிகள் என்று நாம் அழைக்கும் அன்சார் அல்லா, வட ஏமனின் சாதா பகுதியில், ஷியா பிரிவுகளில் ஒன்றான ஸைதி சமூகத்தில் தோன்றியது. 2014 செப்டம்பரில் தலைநகர் சனாவைப் பிடித்தது. 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி குண்டு வீசத் தொடங்கியது. 2021 இறுதிக்குள் அந்தப் போரில் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் பாதிக்கு மேல் குண்டால் செத்தவர்கள் இல்லை. பசி, நோய், சுத்தமான தண்ணீர் இல்லாமை. அத்தனைக்கும் பிறகு ஹூதிகள் தோற்கவில்லை. செங்கடல் கரையில் ஹொடைதா துறைமுகம் அவர்கள் கையிலேயே இருந்தது. ஈரானிலிருந்து ஏவுகணைத் தொழில்நுட்பமும் உதிரிபாகங்களும் வந்தன. ஏழு வருடம் வானிலிருந்து அடி வாங்கிப் பழகிய கூட்டத்தை இன்னும் கொஞ்சம் குண்டுபோட்டுப் பணியவைக்கலாம் என்று வாஷிங்டன் எப்படி நம்பியது என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

காஸா மீதான போரை நிறுத்தும்வரை இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களை விடமாட்டோம் என்பது அவர்கள் முதலில் சொன்னது. 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் தாக்கத் தொடங்கியதும் அந்த இரண்டு நாட்டுக் கப்பல்களும் பட்டியலில் சேர்ந்தன. அந்த ஆண்டு மே மாதம், இஸ்ரேல் துறைமுகத்துக்குக் கப்பல் அனுப்பும் எந்த நிறுவனத்தின் எந்தக் கப்பலும் இலக்கு என்றார்கள். பட்டியலைச் சரிபார்க்க அவர்கள் நம்பியது பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் கப்பல் பதிவுத் தகவல்களை. அவை பழையதாக இருந்தால் அடி மாறி விழும். 2024 மார்ச்சில் ஹுவாங் பு என்ற சீன உரிமைக் கப்பல் தாக்கப்பட்டது இப்படித்தான், பழைய பதிவில் அது பிரிட்டனோடு தொடர்புடையது. நாஃப்தா என்ற ரஷ்யப் பெட்ரோலியப் பொருளை ஏற்றிவந்த மார்லின் லுவாண்டா என்ற கப்பல் 2024 ஜனவரியில் தீப்பிடித்தபோது அதில் 22 இந்தியர்களும் ஒரு வங்கதேசத்தவரும் இருந்தார்கள். இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்த்தான் தீயை அணைக்க உதவியது.

இன்னொரு விஷயம் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படவில்லை. 2024 பிப்ரவரியில் ஹூதிகள் 'மனிதாபிமானச் செயல்பாடுகள் ஒருங்கிணைப்பு மையம்' என்ற பெயரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். கப்பல் நிறுவனங்களுக்கு முறையான மின்னஞ்சல் போகும்: உங்கள் கப்பல் தடைப் பட்டியலில் இருக்கிறது, அல்லது இல்லை, கடந்துபோக விரும்பினால் இப்படி விண்ணப்பிக்கவும். பாதுகாப்பாகப் போவதற்குச் சில கப்பல் முகவர்கள் பணம் கட்டுவதாகவும், அது மாதம் 18 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றும் தங்களிடம் சிலர் சொன்னதை ஐ.நா. நிபுணர் குழு 2024-இல் அறிக்கையில் பதிவு செய்தது. அந்தத் தொகையைத் தங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. தொகை எவ்வளவோ இருக்கட்டும். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி போட்டாயிற்று என்பதுதான் செய்தி.

செங்கடலில் 'இது யாருடையது' என்று எழுதிவைக்கும் பழக்கம் பழையதுதான். எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற இடத்தில் கிடைத்த முதல் நூற்றாண்டுப் பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் கீறியிருந்தன. அன்றும் அந்த வழியில் வந்த சரக்குக்கு ரோமானிய அரசு நாலில் ஒரு பங்கு சுங்கமாக எடுத்துக்கொண்டது. பொதுவழி என்ற எண்ணம்தான் புதிது. வரலாற்றில் அதற்கு ஆயுள் மிகக் குறைவு.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஹூதிகளின் ட்ரோன் ஒன்று சில ஆயிரம் டாலரிலிருந்து சில பத்தாயிரம் டாலர் வரை. அதைச் சுட்டுவீழ்த்த அமெரிக்கப் போர்க்கப்பல் செலுத்தும் எஸ்.எம்.-2 ஏவுகணை ஒன்று சுமார் இருபது லட்சம் டாலர். கொசுவை அடிக்கக் குத்துவிளக்கை எறிவதுபோல. அதைவிட முக்கியமானது காப்பீட்டுக் கணக்கு. போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம் முன்பு கப்பலின் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை ஏறியது. பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு ஒரு தடவை கடக்க ஏழு லட்சம் டாலரிலிருந்து பத்து லட்சம் டாலர். அதாவது ஹூதிகள் எல்லாக் கப்பலையும் அடிக்க வேண்டியதில்லை. நூற்றில் ஒன்றை அடித்தால் போதும், மீதியை லண்டன் காப்பீட்டுச் சந்தை பார்த்துக்கொள்ளும். மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக்-லாய்ட், சி.எம்.ஏ. சி.ஜி.எம். என்ற பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் எல்லாம் 2023 டிசம்பரிலேயே ஆப்பிரிக்காவைச் சுற்றக் கிளம்பியது இந்தக் கணக்கைப் போட்டுத்தான்.

அமெரிக்கா அதே டிசம்பரில் பன்னாட்டுக் கடற்படைக் கூட்டணி ஒன்றை அறிவித்தது. அதில் யார் சேரவில்லை என்று பார்த்தால் நிலவரம் விளங்கும். கால்வாய்க் கட்டணம் பறிபோகும் எகிப்து வெளிப்படையாகச் சேரவில்லை. ஏழு வருடம் ஹூதிகளோடு போரிட்ட சவூதியும் சேரவில்லை, அது அப்போது சமாதானப் பேச்சில் இருந்தது. பெயர் கொடுத்த ஒரே அரபு நாடு பஹ்ரைன். ஐரோப்பியர்கள் அமெரிக்கத் தலைமையின் கீழ் வர விரும்பாமல் 2024 பிப்ரவரியில் தனியாக ஒரு படையணி அமைத்தார்கள். இந்தியா எந்தக் கூட்டணியிலும் சேராமல் அரபிக்கடலில் பத்துக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களை நிறுத்தி, தாக்கப்பட்ட கப்பல்களுக்கு உதவியது. குழப்பத்தைப் பயன்படுத்தித் தலைதூக்கிய சோமாலியக் கடற்கொள்ளையரையும் பிடித்தது. சீனாவுக்கு ஜிபூட்டியில் 2017 முதல் ராணுவத் தளமே இருக்கிறது, நீரிணைக்குப் பக்கத்திலேயே. அது அசையவில்லை. தன் கப்பல்களை விட்டுவிடும்படி ஹூதிகளிடம் பேசிக்கொண்டது. ரஷ்யாவும் அப்படியே. இந்தியாவுக்கு வரும் ரஷ்ய எண்ணெயில் பெரும்பகுதி நெருக்கடிக் காலம் முழுவதும் இதே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கண்ணீர் வாசலில் நிற்கும்போது நமக்கு மட்டும் பின்கதவு திறந்திருந்தது என்று சொன்னால் டெல்லியில் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் நடந்தது அதுதான்.

2025 மார்ச் 15 அன்று டிரம்ப் நிர்வாகம் பெரிய அளவில் குண்டுவீச்சைத் தொடங்கியது. மூன்று வாரத்துக்குள் செலவு நூறு கோடி டாலரை நெருங்கிவிட்டதாக அமெரிக்க ஊடகங்கள் எழுதின. ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒரு போர் விமானம் ஏப்ரல் இறுதியில் கடலில் விழுந்தது, மே தொடக்கத்தில் இன்னொன்று. மே 6 அன்று ஓமன் நாட்டின் சமரசத்தில் சண்டை நின்றது. ஹூதிகள் பணிந்துவிட்டார்கள் என்றார் டிரம்ப். அமெரிக்காதான் பின்வாங்கியது என்றார்கள் ஹூதிகள்.

வார்த்தைகளை விட்டுவிட்டு ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கா குண்டு போடாது. ஹூதிகள் அமெரிக்கக் கப்பல்களைத் தொடமாட்டார்கள். அவ்வளவுதான். இஸ்ரேல் இதில் இல்லை. கிரேக்கக் கப்பல் இல்லை, பிலிப்பைன்ஸ் மாலுமி இல்லை, பனாமா கொடி இல்லை. எழுபது எண்பது ஆண்டுகளாகக் கடல் எல்லோருக்கும் பொதுவழி என்று சொல்லி ரோந்து போன நாடு, சாவடியில் தன் வண்டிக்கு மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஜூலையில், மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களை ஹூதிகள் ஒரே வாரத்தில் மூழ்கடித்தார்கள். இரண்டிலும் லைபீரியக் கொடி, இரண்டையும் நடத்தியது கிரேக்க நிறுவனங்கள். உதவிக்குப் பக்கத்தில் ஒரு போர்க்கப்பலும் இல்லை.

பலர் இதை 1956-ஓடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து படையெடுத்தன. ராணுவ ரீதியில் வெற்றிதான். ஆனால் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பவுண்டு நாணயத்தின் கழுத்தைப் பிடித்தார், பிரிட்டன் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது. ஏமனின் துறைமுக நகரான ஏடனைக்கூட 1967-இல் விட்டுவிட்டுப் போனது. அதே ஏடன், 1839-இல் பம்பாயிலிருந்து போன படை பிடித்தது, 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக ஆளப்பட்டது. ஒப்பீடு கவர்ச்சியானது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முக்கியமான இடத்தில் நொண்டுகிறது. 1956-இல் காவல்காரர் மாறினார். பழையவர் கொடுத்த சாவியை வாங்கிக்கொள்ள அமெரிக்கா தயாராக நின்றது. இன்று சாவியை நீட்டினாலும் வாங்க ஆளில்லை. சீனாவுக்கு அந்த வேலையின் லாபம் வேண்டும், சம்பளமில்லாத இரவுக் காவல் வேண்டாம்.

இதில் யாருக்கு எவ்வளவு நட்டம்? முதல் அடி எகிப்துக்கு. 2023-இல் சூயஸ் கால்வாய் 1,025 கோடி டாலர் ஈட்டியது, 2024-இல் அது 399 கோடி. கடந்த கப்பல்கள் 26,000-க்கு மேலிருந்து 13,000 சொச்சத்துக்கு இறங்கின. காஸாவுக்காக என்று சொல்லி நடத்திய முற்றுகையில் மிகப்பெரிய பொருளாதார இழப்பு காஸாவின் பக்கத்து வீடான ஓர் அரபு நாட்டுக்கு.

அடுத்து நம் பக்கம். திருப்பூர் பனியன் ஐரோப்பா போகும் வழி இதுதான்: லாரியில் தூத்துக்குடி, அங்கிருந்து சின்ன ஃபீடர் கப்பலில் ஒரே இரவில் கொழும்பு, கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாற்றி செங்கடல் வழியாக ஹாம்பர்க்கோ ரோட்டர்டாமோ. தூத்துக்குடியில் பெரிய தாய்க்கப்பல் வந்து நிற்கும் ஆழம் இல்லாததால் வந்த சுற்று இது. 2024 தொடக்கத்தில் இந்தப் பயணத்தில் இரண்டு வாரம் கூடியது, கன்டெய்னர் வாடகை பல மடங்கானது. ஏற்றுமதியாளர்கள் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. முறையில் விற்கிறார்கள், அதாவது கப்பல் வாடகை வாங்குபவர் பொறுப்பு. காகிதத்தில் நட்டமில்லை. நடைமுறையில், வாடகை ஏறிவிட்டது விலையைக் குறை என்று வாங்குபவர் கேட்பார். கோடைக்கால டி-ஷர்ட் இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தள்ளுபடி விற்பனைக்குத்தான் போகும். பணமும் அதற்கேற்பத் தாமதமாக வரும், வங்கி வட்டி மட்டும் நேரத்துக்கு ஓடும்.

கொழும்பு இதில் தலைகீழ். செங்கடலைத் தவிர்த்த கப்பல்கள் வளைகுடாத் துறைமுகங்களுக்குள் போய்த் திரும்பும் சுற்றைக் குறைத்துக்கொண்டு, கிழக்கு-மேற்குத் தடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கொழும்பில் சரக்கை இறக்கின. அங்கே கைமாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுடையது. திவாலாகி எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு எதிர்பாராமல் வந்த வருமானம். அந்த நேரத்தில்தான் அதிபர் ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்கு ஒரு போர்க்கப்பல் அனுப்பப்போவதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி இலங்கை ரூபாய் செலவு என்றும் அவரே சொன்னார். மின்கட்டணம் கட்ட வழியில்லாத நாட்டில் இது எதற்கு என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. செங்கடல் மூடியிருந்தால் கொழும்புக்கு ஆதாயம், அதைத் திறக்கக் கொழும்பு கப்பல் அனுப்புகிறது என்ற முரணை அவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. இதற்கிடையில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்து நின்றது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொழும்பு கையாளும் இந்தியச் சரக்கைத் திருப்புவதே அதன் நோக்கம்.

'யார் கப்பல்' என்ற கேள்வியை ஹூதிகள் மட்டும் கேட்டிருந்தால் அதை ஒரு கலகக் கூட்டத்தின் அடாவடி என்று தள்ளிவிடலாம். 2025 அக்டோபர் 14 முதல், சீனா கட்டிய கப்பல், சீன உரிமைக் கப்பல் என்றால் தன் துறைமுகத்தில் தனிக் கட்டணம் என்று அமெரிக்காவே வசூலிக்கத் தொடங்கியது. அதே நாளில் அமெரிக்கக் கப்பல்களுக்குச் சீனாவும் பதில் கட்டணம் போட்டது. உலகில் புதிதாகக் கட்டப்படும் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனத் தளங்களில் உருவாகும்போது இது யாருக்கு வலிக்கும் என்பதை நிறுவனங்கள் உடனே கணக்குப் போட்டுச் சொன்னன. நவம்பர் 10 முதல் இரண்டு பேரும் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்தார்கள், ரத்து செய்யவில்லை. பனாமா கால்வாயின் இரு முனைத் துறைமுகங்களை ஹாங்காங் நிறுவனம் நடத்திவந்ததை டிரம்ப் பிரச்சினையாக்கியதும் இதே வகைதான். ஆயுதம் வேறு, கேள்வி ஒன்றே.

2025 அக்டோபரில் காஸா போர்நிறுத்தம் வந்தபின் ஹூதித் தாக்குதல்கள் ஓய்ந்தன. அதற்குள் 100-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டிருந்தன, நான்கு மூழ்கியிருந்தன. தாக்குதல் ஓய்ந்த மறுநாளே பெரிய நிறுவனங்கள் செங்கடலுக்குத் திரும்பிவிடவில்லை. காப்பீட்டாளர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். 1967 போரில் சூயஸ் மூடியபோது, கால்வாயின் நடுவிலுள்ள பெரிய கசப்பு ஏரியில் மாட்டிக்கொண்ட 14 கப்பல்கள் எட்டு வருடம் அங்கேயே நின்றன. பாலைவன மணல் படிந்து நிறம் மாறிப்போனதால் அவற்றுக்கு 'மஞ்சள் கப்பற்படை' என்றே பெயர். பனிப்போரின் இரு பக்கத்து நாடுகளின் கப்பல்களும் அதில் இருந்தன. மாலுமிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள், விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள், சொந்தமாகத் தபால்தலைகூட வெளியிட்டார்கள்.

2025 ஜூலையில், அந்த இரண்டு கப்பல்கள் மூழ்கிய வாரம், செங்கடலைக் கடந்த மற்றக் கப்பல்களின் இருபது எழுத்துக் கட்டத்தில் புதிதாக ஒரு வாசகம் தென்பட்டது: 'மாலுமிகள் அனைவரும் முஸ்லிம்கள்.'